ஓட்டை இல்லாத போன்

அந்த போனில் சிம் கார்டு போட ஓட்டை இல்லை என்பதைக் கண்டுபிடித்தது அப்பாவின் ஷிப்ட் பஸ்தான். அமெரிக்காவிலிருந்து அக்கா அனுப்பிய போன் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே, அதைத் துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்து மைன்ஸுக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் கைக்கும் அது போய் வந்திருக்கிறது. என்ன விலை இருக்கும், தண்ணீரில் போட்டாலும் கெடாதாமே என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசி சீட்டிலிருந்த ஒருவர் நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, இதில் கார்டை எங்கே செருகுவது என்று கேட்டாராம். மத்தியானம் வீட்டுக்கு வந்த அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை.

நான் நல்லவள் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் தெரிந்தால் படிக்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

அப்பா மைன்ஸில் ஃபிட்டர். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்க்கிற வேலை. முத்தாண்டிக்குப்பம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. அதிலிருந்து வந்து, பதினேழு வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, அப்புறம் பெர்மனெண்ட் ஆனவர். பெர்மனெண்ட் என்ற சொல்லை எங்கள் வீட்டில் சாமி பெயர் மாதிரிதான் சொல்வார்கள். அந்த வேலையால் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்தது, அக்காவுக்கும் எனக்கும் நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது. பெல்ட்டின் இரைச்சலில் அப்பாவுக்குக் காது முக்கால்வாசி போயிற்று. கட்டைவிரலில் ரேகை என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

அம்மா நான் பன்னிரண்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு எல்லாமே அக்காதான். நன்றாகப் படித்தாள், பார்க்கவும் நன்றாக இருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அப்பா தன்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகனை அவளுக்குப் பேசி வைத்தார். பையன் பெர்மனெண்ட். தாம்பூலம் மாற்ற நாள் குறித்து, ஷிப்ட் பஸ் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அந்த வாரம்தான் அக்கா ஒரு போட்டோ அனுப்பினாள். கடலூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் வாசலில், தன்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவப் பையனோடு மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தாள்.

பேசி வைத்திருந்த பையன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போன அப்பா என்னையும் கூட அழைத்துப்போனார். எதற்கென்று அங்கே போய்த்தான் தெரிந்தது. பெரியவள் இல்லாவிட்டால் என்ன, சின்னவளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஷிப்டுக்கு ஒருத்தர் வராவிட்டால் வேறொருத்தரை அனுப்புகிற மாதிரி. பையனின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாங்கள் பெரிய பெண்ணைத்தான் கேட்டோம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காபி எடுத்துவரத்தான் போகிறாள் என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் கால்மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போது சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியை எடுத்துக்கொண்டே அப்பா சொன்னார்: "நீ கொஞ்சம் பாக்கற மாதிரி பொறந்திருந்தா இந்தக் கேவலம் இல்ல."

அன்றைக்கு எனக்கு இருபத்தைந்து வயது. அதற்கப்புறம் எனக்கென்று அவர் எங்கேயும் பேசப் போகவில்லை. நான் வடலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவேன், சாயங்காலம் வந்து மறுபடி அடுப்படியில் நிற்பேன். ஆறு வருஷம் அப்படிப் போயிற்று.

அந்த ஆறு வருஷமும் மாதத்துக்கு ஒருமுறை அக்கா அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவாள். அப்பா எடுப்பார், காதில் வைத்துக்கொள்வார், பேசமாட்டார். அவள் அழுவதையும் கெஞ்சுவதையும் கேட்டபடி மூச்சை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில சமயம் ஐந்து நிமிஷம்கூட ஆகும். பிறகு சிவப்புப் பட்டனை அமுக்குவார். எடுக்காமலே விட்டிருந்தால் அவளும் என்றைக்கோ ஓய்ந்திருப்பாள். எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அது எப்பேர்ப்பட்ட ருசி என்று எனக்குத் தெரியும். அவர் பெற்ற பெண்தானே நான்.

போனைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் வடலூர்க்காரர்கள். மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய்விட்டுத் திரும்பிய கணவன் மனைவி. அவர்கள் போன பிறகு அக்கா என் போனுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினாள். வருகிற ஜனவரியில் குழந்தையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வருகிறார்களாம். குழந்தைக்கு இரண்டு வயது. "ஆறு வருஷமா அவர் மூச்சு சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன். இனிமே பழைய நம்பருக்கு நான் கூப்பிட மாட்டேன். இந்த போன் அவருக்கு. இதுல இருந்து அவர் ஒரு வார்த்தை பேசட்டும், நேரா நம்ம வீட்டுக்கு வர்றேன். இப்பவும் பேசலன்னா, அவர் முடிவு அதுதான்னு எடுத்துக்கறேன். அப்புறம் எப்பவும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அப்பா அதை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார். பிறகு போனைக் கையில் எடுத்து, கறை ஒன்றும் இல்லாத கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஆள் இறங்கி வந்துவிட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. என் போனில் இப்போதே போட்டுத் தருகிறேன், பேசுகிறீர்களா என்று கேட்டேன்.

"உன் போன்ல பேசினா நீ பேச வெச்ச மாதிரி ஆயிடும். அவ அனுப்பினதுலயே பேசறன்" என்றார்.

சரி, பேசட்டும் என்று விட்டுவிட்டேன். இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த போனில் பேசக் கார்டே தேவையில்லை. என் போனிலிருந்து அதற்கு நெட் கொடுத்து, அவருடைய பழைய நம்பரிலேயே ஒரு ஆப்பைப் பதிந்திருந்தால் அன்று மாலையே அவர் மகளோடு பேசியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. ஸ்கேன் சென்டரில் வருகிறவர்களுக்கு நான் அதைத் தினமும் செய்து கொடுக்கிறேன். அப்பாவிடம் மட்டும் அன்றும் சொல்லவில்லை, ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் அலையட்டும், கடை கடையாகப் போய் நின்று இல்லை என்ற பதிலைக் கேட்டுப் பழகட்டும் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்த கால்மணி நேரத்துக்கு அது ஈடாகாது. ஆனாலும் ஆசையாக இருந்தது.

பஸ்ஸில் மூக்குடைபட்டு வந்த அன்று எனக்கு வார லீவு. மத்தியானம் அப்பா டியூப் லைட்டுக்கு நேராகப் போனைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லாத போன் எந்த ஊரில் இருக்கிறது, மூடி எங்கேயோ இறுகிக் கிடக்கிறது என்பது அவருடைய முடிவு. முப்பத்தைந்து வருஷ ஃபிட்டருக்கு இறுகிக் கிடப்பது என்றால் அமுக்க வேண்டியது என்று அர்த்தம். சார்ஜ் ஏற்றும் வாய்க்கு இரண்டு பக்கமும் வரிசையாகப் பொடி ஓட்டைகள் இருந்தன. என் பழைய போனில் கார்டு எடுக்கும் கம்பியைக் கொண்டுவரச் சொன்னார். கண் தெரியவில்லை, கை நடுங்குகிறது என்று என்னையே குத்தச் சொன்னார். அது அதற்கான ஓட்டை மாதிரித் தெரியவில்லை என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்.

"நல்லா குத்து. சோறு துன்ற கைதான அது?"

அந்தப் பேச்சுக்காகவே நன்றாகக் குத்தினேன். உள்ளே ஏதோ மெல்லிசாக விட்டுக்கொடுத்தது. இரண்டு பேரும் மூடி வெளியே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. அப்பா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, உனக்குத் தெரிந்த லட்சணம் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

முதலில் போனது அப்பாவின் பழைய நம்பர் இருந்த கம்பெனியின் கவுண்டருக்கு. அங்கே இருந்த பெண்மணி போனைப் பார்த்த உடனேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் விற்கிற இந்த மாடலுக்குப் பிளாஸ்டிக் கார்டு கிடையாது, நம்பரை உள்ளேயே ஏற்றிவிட வேண்டும், அந்த வசதி எங்களிடம் இங்கே இன்னும் வரவில்லை என்றார். இருபது வருஷமாக உங்கள் கம்பெனி நம்பர்தானே வைத்திருக்கிறேன் என்றார் அப்பா. அதற்காகத் தனியாக ஏதாவது செய்வார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இரண்டாவது கம்பெனி வடலூரில். நான் வேலை முடித்து வருகிற நேரத்துக்கு அப்பா குளித்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கடைக்காரர் இது அங்கே ஏதாவது கம்பெனிக்குப் பூட்டின போனா, திறந்த போனா என்று கேட்டார். எல்லாக் கம்பெனிக்கும் திறந்த போன்தான் என்று அக்கா எழுதியிருந்ததைக் காட்டினேன். அப்படியானால் முடியும் என்றார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஆதார் அடையாளத்துக்குக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். தலையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை ஏற்றி வைத்தார். மற்ற ஒன்பது விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. கூட வந்திருக்கிறவங்க பேர்ல எடுத்துக்கங்களேன் என்று கடைக்காரர் சொன்னதும் அப்பாவுக்குச் சுருக்கென்று வந்தது. எம் பொண்ணு எனக்கு அனுப்பினது, இவ பேர்ல எதுக்கு என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

ஒரு வாரம் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் ஷிப்ட் பஸ் விடுமா? தினமும், உம் மவ போனை எந்தக் கம்பெனியாவது சேத்துக்கிச்சா என்று கேட்டிருக்கிறார்கள். வரன் அமையாத பெண்ணைப் பற்றி விசாரிக்கிற மாதிரியே கேட்கிறானுங்க என்று அப்பா என்னிடம் குறைப்பட்டார். அதை யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. நான் சாம்பாரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் வழி சொன்னதும் அதே பஸ்தான். குள்ளஞ்சாவடியில் மூன்றாவது கம்பெனியின் கடை ஒன்று இருக்கிறது, துபாயிலிருந்து வந்த ஒருவருக்கு இதே மாதிரி போனில் நம்பர் ஏற்றிக் கொடுத்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பேசிவிட வேண்டும், அதற்குள் இதை முடிக்க வேண்டும் என்று அப்பா என்னை லீவு போட வைத்தார். அங்கேயும் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முறை வரிசை இல்லாததால் அவர் சத்தம் போடவில்லை. கடைக்காரர் என்னைக் காட்டி, இவங்க யாருங்க என்று கேட்டார்.

"இதுவும் எம் பொண்ணுதான்" என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லுக்கு நான் எவ்வளவோ நாள் பதில் யோசித்திருக்கிறேன். அப்போது என் கட்டைவிரலை நீட்டினேன். முதல் தடவையே மெஷின் ஏற்றுக்கொண்டது. என் பெயரில் ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுத்து, அதை என் போனில் போட்டு, ஏதோ எழுதி அனுப்பச் சொன்னார்கள். என் மெயிலுக்குக் கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அந்தப் படத்தைப் புதுப் போனின் கேமராவுக்குக் காட்டியதும் பிளாஸ்டிக் கார்டு செத்துப்போய், புதுப் போனின் மூலையில் சிக்னல் கோடுகள் எழுந்து நின்றன. கடைக்காரர் தன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தார். மணி அடித்தது. மூன்று பேர் முகத்திலும் வெளிச்சம். நம் ஊரில் போன் வேலை செய்கிறது என்பதற்கு மணி அடித்தால் போதும். எடுத்துப் பேசிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். ஞாயிறு காலை எட்டு மணிக்கு அப்பா கூப்பிடுவார் என்று அக்காவுக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு நிமிஷத்துக்குள் அவளிடமிருந்து ஒரு வரிசை அழுகிற பொம்மைகள் வந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போனார். முகம் தெரியாத பேச்சுக்கு முகச்சவரம். அவர் போனதும், அவருடைய காதுக்குத் தக்கபடி சத்தத்தை ஏற்றி வைக்கலாம் என்று போனை எடுத்தேன். சரிபார்க்க என் போனுக்கு ஒரு கால் போட்டேன். ஒன்றை இந்தக் காதிலும் மற்றதை அந்தக் காதிலும் வைத்துக்கொண்டு ஹலோ என்றேன். என் போனில் ஒன்றும் வரவில்லை. இரைச்சல்கூட இல்லை. கீழே அந்தப் பொடி ஓட்டைகளைப் பார்த்தேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. நான் குத்தியது மைக்கை.

ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன். அப்போது மேலே இருக்கும் இன்னொரு மைக் வழியாகப் பேச்சு தெளிவாகப் போயிற்று. ஆகவே குடி முழுகிப் போகவில்லை. நாளை அவர் பேசும்போது ஸ்பீக்கர் பட்டனை ஒருமுறை தொட வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்பா வந்தார். கழுத்தில் பவுடரோடு அம்மாவின் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மேலே ஒட்டடை அடித்துவிடு, திரைச்சீலையைத் துவைத்துப் போடு என்றார். அப்புறம் கண்ணாடியைப் பார்த்தே சொன்னார்: "பெரியவ வந்து நின்னாத்தான் இது வூடு மாதிரி இருக்கும்."

அந்த வீட்டில் ஆறு வருஷமாக லைட்டைப் போட்டதும் அணைத்ததும் நான். மைக்கைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான்தான் நம்பரைப் போட்டு, மணி போவதைப் பார்த்துவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்தேன். ஸ்பீக்கர் பட்டன் என் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. தொடவில்லை. அவர் வழக்கம்போலக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். நான் அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றேன். சத்தத்தை நானே முழுசாக ஏற்றி வைத்திருந்ததால் அக்காவின் குரல் அங்கே வரை வந்தது.

அப்பா பேசினார். காது கேட்காதவர் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? வரிசை வீடு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

"கண்ணு, அப்பா பேசறன். ஆறு வருஷமா பேசாம இருந்துட்டன். தப்புதாம்மா. அந்தத் தம்பியையும் இட்டுகினு வா. புள்ளைய என் கண்ணுல காட்டு. அப்பனுக்கு வேற யாரு இருக்கா?"

அப்பா மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார். அவ்வளவையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். நடுநடுவே அந்தப் பக்கம் அக்கா, அப்பா, ப்பா, என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அது ஏதோ ஒரு குரலாகத்தான் விழுந்திருக்கும். அவள் அழுகிறாள் என்று நினைத்து, அழாத கண்ணு, அழாத என்றார். நான் மட்டும்தான் இரண்டு பேர் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னிக்கும் பேச மாட்டியாப்பா?" என்று அக்கா கேட்டாள். பிறகு வைத்துவிட்டாள்.

கல்லில் தோசை தீய்ந்துவிட்டது. ஓடிப்போய் அவர் கையிலிருந்து போனை வாங்கி, மறுபடி போட்டு, அந்தப் பட்டனைத் தொட்டிருக்கலாம். எவ்வளவு தூரம், ஏழெட்டு அடி. அப்பா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வெச்சிட்டா" என்றார். யாரிடமும் சொல்கிற மாதிரி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "போன்ல எதுனா கோளாறா?"

"போன் நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெட்டிய முடி ஒன்றிரண்டு இன்னும் சட்டைக் காலரில் ஒட்டியிருந்தது. இரண்டு தோசை வைத்தேன், சாப்பிட்டார்.

அரை மணி நேரம் கழித்து அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "முன்னெல்லாம் மூச்சு சத்தமாவது கேக்கும். அத வெச்சே மனச தேத்திக்குவேன். இன்னைக்கு அது கூட இல்ல. மூச்சு கூட எனக்குக் கேக்கக் கூடாதுன்னு கையால மூடிக்கிட்டாரா?"

நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, 'ஆமா' என்று அனுப்பினேன்.

அதை அவள் பார்த்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் ஒளிக்காமல் சொன்னால், இனிப்பாகவும் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பேரையும் என்னை வேண்டாமென்ற அந்த வீட்டில் காபிக்காகக் காத்திருக்க வைத்துவிட்டேன் என்று தோன்றியது. அந்த இனிப்பு அன்று மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. நான் துவைத்துப் போட்டுக் காய்ந்திருந்த திரைச்சீலைகளை அப்பா தானே எடுத்துவந்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

எங்கள் வட்டத்தில் கதை வேறு மாதிரிப் பரவியது. பெற்ற அப்பன் அவ்வளவு கெஞ்சியும் பெரிய பெண் போனை வைத்துவிட்டாளாம் என்று. சாட்சிக்கு வரிசை வீடு முழுக்க இருந்தது. அவர் பேசியதை எல்லோரும் கேட்டார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. அதற்கப்புறம் ஷிப்ட் பஸ்ஸில் யாரும் அப்பாவிடம் போனைப் பற்றிக் கேட்கவில்லை. கேலி செய்யவும் இல்லை. அதுதான் அவரை ரொம்பப் படுத்தியது என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் அக்கா வந்தாள். புருஷன் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, வேளாங்கண்ணி போய்த் திரும்பும்போது வடலூர் நாலு ரோட்டில் காரை நிறுத்தி டீ குடித்தார்கள். அங்கிருந்து குழந்தையின் போட்டோ ஒன்றை எனக்கு அனுப்பினாள். படத்தின் ஓரத்தில் எங்கள் ஸ்கேன் சென்டரின் போர்டு பாதி விழுந்திருந்தது. நான் உள்ளே டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருவதற்குள் கார் போய்விட்டது. குழந்தைக்கு எங்கள் அப்பாவின் காது. அப்பாவுக்கு நான் அந்தப் படத்தைக் காட்டவில்லை.

போன வருஷம் அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வாடகைக்கு வந்தோம். பீரோவைக் காலி செய்யும்போது துண்டில் சுற்றியபடியே அந்த போன் கிடைத்தது. அவர் அதை என் பக்கம் தள்ளினார்.

"நீயே வெச்சிக்க. உம் பேர்லதான இருக்கு."

முதல் முறையாக அவர் எனக்கென்று கொடுத்த விலை உயர்ந்த பொருள் அது. கொஞ்ச நாள் ஸ்பீக்கரில் போட்டே பேசிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, யாரோ கம்பியால குத்தியிருக்காங்களே, யாருங்க அது என்று கேட்டார். தெரியாது என்றேன். மத்தியானம் கொடுத்ததைச் சாயங்காலமே மைக் மாற்றி வைத்திருந்தார். அவ்வளவுதான் வேலை.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர் அதிலிருந்து தன் போனுக்கு ஒரு கால் போட்டுவிட்டு, என் போனை என்னிடம் கொடுத்தார். தன்னுடையதைக் காதில் வைத்தபடி கடைக்குப் பின்னால் போய், ஏதாவது பேசுங்க என்றார். போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அவர் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்.

"பேசவே வேணாங்க. நீங்க மூச்சு வுடறது கூட கேக்குது" என்றார்.